அறிவியல் மாநாட்டுக்கான தனிநபர் கால அட்டவணை

அறிவியல் மாநாட்டுக்கான தனிநபர் கால அட்டவணை என்பது, ஒரு மாநாட்டில் பங்கேற்பவர் தாம் கேட்க வேண்டிய உரைகள், பார்க்க வேண்டிய சுவரொட்டிகள், சந்திக்க வேண்டிய ஆய்வாளர்கள், ஓய்வு நேரம் ஆகியவற்றை முன்கூட்டியே தேர்ந்து நாள்வாரியாகவும் மணிவாரியாகவும் எழுதிக்கொள்ளும் திட்டமாகும். மாநாட்டை நடத்தும் அமைப்பு வெளியிடும் நிகழ்ச்சி நிரல் எல்லோருக்கும் பொதுவானது. தனிநபர் அட்டவணை அந்த நிரலிலிருந்து ஒருவர் தம் ஆய்வுக்கும் தம் உடல் வலிமைக்கும் ஏற்பத் தேர்ந்தெடுப்பது.

பெரிய மாநாடுகளில் ஒரே நேரத்தில் பல அரங்குகளில் உரைகள் நடைபெறுவதால் எல்லாவற்றையும் கேட்பது இயலாது. எனவே இத்தகைய அட்டவணையில் எதைச் சேர்ப்பது என்பதைப் போலவே எதை விடுவது என்பதும் முக்கியமாகிறது. முதன்முறையாக வெளிநாட்டு மாநாட்டுக்குச் செல்லும் ஆய்வு மாணவருக்கு இது கூடுதல் முக்கியத்துவம் உடையது. பயண உதவித்தொகை பெற்று அவர் செல்லும் வாய்ப்பு ஆய்வுக்காலம் முழுவதிலும் ஓரிரு முறைதான் கிடைக்கக்கூடும்.

தேவை

அமெரிக்க இயற்பியல் கழகத்தின் மார்ச் கூட்டம் பெரிய மாநாடு ஒன்றுக்குத் தக்க எடுத்துக்காட்டாகும். திண்மநிலை இயற்பியல், பொருளறிவியல், குவாண்டம் தகவலியல் போன்ற துறைகளைச் சேர்ந்த 10,000க்கும் மேற்பட்டோர் இதில் கூடுவர். 2025ஆம் ஆண்டு இக்கூட்டம் அக்கழகத்தின் ஏப்ரல் கூட்டத்துடன் இணைந்து, கலிபோர்னியா மாநிலத்தின் அனாஹைம் நகரில் உலக இயற்பியல் உச்சி மாநாடு என்ற பெயரில் நடைபெற்றது.

இக்கூட்டத்தில் ஓர் அமர்வு ஏறத்தாழ 3 மணி நேரம் நீடிக்கும். சாதாரண உரை ஒன்றுக்கு 12 நிமிடங்கள் தரப்படும். அதில் 10 நிமிடம் உரைக்கும் 2 நிமிடம் வினாக்களுக்கும் உரியவை. அழைக்கப்பட்ட உரைக்கு 36 நிமிடங்கள். சாதாரண உரைகள் மட்டும் உள்ள ஓர் அமர்வில் 15 உரைகள் வரை அமையும். ஆனால் அதே நேரத்தில் 50க்கும் மேற்பட்ட பிற அரங்குகளிலும் அமர்வுகள் நடந்துகொண்டிருக்கும். காலை முதல் மாலை வரை ஒரு நிமிடமும் வீணாக்காமல் அமர்ந்திருப்பவர்கூட, பேசப்படும் உரைகளில் நூற்றுக்கு இரண்டைத்தான் கேட்க முடியும். எவ்வளவு முயன்றாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு உரைகள் விடுபடும். விடுபடுபவை எவை என்பதைத் திட்டமிட்டு முடிவு செய்வதே அட்டவணையின் பயன்.

மாநாட்டின் பகுதிகள்

அட்டவணை தயாரிக்கும் முன் மாநாட்டின் பகுதிகளை வேறுபடுத்தி அறிந்துகொள்ள வேண்டும்.

முழு அமர்வு உரை: பங்கேற்பாளர் அனைவருக்கும் பொதுவானது. இவ்வேளையில் பிற அமர்வுகள் பெரும்பாலும் நடைபெறா. ஒரு துறையின் பரந்த நிலையை அறிய உதவும்.

அழைக்கப்பட்ட உரை: அமைப்பாளர்கள் குறிப்பிட்ட ஆய்வாளரை அழைத்துப் பேசச் செய்வது. நேரம் கூடுதலாக இருப்பதால் பின்னணியும் விளக்கப்படும். துறைக்குப் புதியவர்களுக்கு ஏற்றது.

சாதாரண உரை: ஆய்வுச்சுருக்கம் அனுப்பியவர்கள் சுருக்கமாகப் பேசுவது. இன்னும் அச்சேறாத புதிய முடிவுகள் இவற்றில் வெளிப்படுவதுண்டு.

சுவரொட்டி அமர்வு: ஆய்வு முடிவுகளைப் பெரிய தாளில் அச்சிட்டுத் தொங்கவிட்டு, ஆய்வாளர் அருகில் நின்று விளக்குவது. அவருடன் நேரடியாகப் பேச இதுவே எளிய வழி.

பயிற்சி வகுப்பு: மாநாட்டுக்கு முந்தைய நாளில் நடைபெறும் பாடம். பெரும்பாலும் தனிக் கட்டணமும் முன்பதிவும் உண்டு.

இவை தவிர, தேநீர் இடைவேளை, மாணவர்களுக்கான சந்திப்பு, வேலைவாய்ப்புக் கூடம், கருவி நிறுவனங்களின் கண்காட்சி ஆகியவையும் உண்டு.

முன்னுரிமை வரிசை

நிரலைத் திறப்பதற்கு முன், மாநாட்டுக்குச் செல்வதன் நோக்கத்தை ஓரிரு வரிகளில் எழுதிக்கொள்வது நல்லது. "என் அளவீட்டில் வரும் பிழைக்குக் காரணம் அறிதல்", "முனைவர் பட்டத்துக்குப் பின் சேரத்தக்க மூன்று ஆய்வுக் குழுக்களைச் சந்தித்தல்" என்பன போன்ற தெளிவான நோக்கங்கள் தேர்வை எளிதாக்கும். "புதியவற்றை அறிதல்" என்று மட்டும் எழுதினால் எல்லா உரைகளுமே அதற்குள் அடங்கிவிடும்.

அதன்பின் ஒவ்வொரு நிகழ்வையும் நான்கு நிலைகளில் ஒன்றில் சேர்க்கலாம்.

1. மாற்ற முடியாதவை: சொந்த உரை, சொந்தச் சுவரொட்டி, ஒப்புக்கொண்ட பொறுப்புகள், நேரம் குறித்த சந்திப்புகள்.
2. அங்கு மட்டுமே கிடைப்பவை: இன்னும் வெளியிடப்படாத முடிவுகள், சொந்த ஆய்வோடு நேரடித் தொடர்புள்ள சுவரொட்டிகள், பேச விரும்பும் ஆய்வாளரின் உரை.
3. பயனுள்ளவை, ஆனால் பிறகும் பெறக்கூடியவை: ஏற்கெனவே கட்டுரையாக வந்த முடிவுகள், ஒளிப்பதிவாகக் கிடைக்கும் உரைகள்.
4. ஆர்வத்துக்கு உரியவை: வேறு துறை சார்ந்த உரைகள்.

புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை, மூன்றாம் நிலையை இரண்டாம் நிலைக்கு மேலே வைப்பதாகும். புகழ்பெற்ற ஒருவரின் உரை அரங்கு நிறைந்து காணப்படும். அவர் சொல்வதில் பெரும்பகுதி அவருடைய கட்டுரைகளில் முன்பே வந்திருக்கும். அதே நேரத்தில் வேறொரு மூலையில், தம் கருவியைப் போன்ற கருவியைக் கையாளும் மற்றொரு மாணவர் தம் சுவரொட்டியின் அருகே கேட்பவரின்றி நின்றிருக்கக்கூடும். பிற்காலத்தில் எந்த நூலகத்திலும் கிடைக்காதது இந்த இரண்டாவது வாய்ப்பே. எனினும் நான்காம் நிலையை முற்றிலும் நீக்கிவிடக் கூடாது. நாளுக்கு ஓர் உரையாவது சொந்தத் துறைக்கு வெளியே கேட்பது பார்வையை விரிவாக்கும்.

தயாரிக்கும் முறை

நிரலை மூன்று முறை படிப்பது வசதியானது. முதல் முறை அமர்வுகளின் தலைப்புகளை மட்டும் படித்துத் தொடர்புள்ளவற்றைக் குறிக்க வேண்டும். இரண்டாம் முறை குறித்த அமர்வுகளில் உள்ள உரைத் தலைப்புகளைப் படிக்க வேண்டும். மூன்றாம் முறை தேர்ந்த உரைகளின் ஆய்வுச்சுருக்கங்களைப் படித்து, மேற்சொன்ன நான்கு நிலைகளில் சேர்க்க வேண்டும். தலைப்பு வழியாகத் தேடுவதோடு, ஆய்வாளர் பெயர் வழியாகவும், பொருள் அல்லது கருவியின் பெயர் வழியாகவும் தேட வேண்டும். வேறு தலைப்பிலான அமர்வில் சேர்க்கப்பட்டிருக்கும் தொடர்புள்ள உரை இவ்வாறே கிடைக்கும்.

பிறகு ஒரு தாளில் நாட்களை மேலேயும் மணிகளை இடப்புறத்திலும் எழுதிக் கட்டம் வரைந்து, முதல் நிலையிலிருந்து தொடங்கி நிரப்ப வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு உரைகள் வந்தால் இரண்டையும் எழுதி, ஒன்றைத் தெரிவாகவும் மற்றதை மாற்றாகவும் குறிக்கலாம். அரங்கு எண்ணையும் தளத்தையும் அருகிலேயே எழுத வேண்டும். பெரிய மாநாட்டு மையங்களில் ஓர் அரங்கிலிருந்து மற்றோர் அரங்குக்கு நடக்க 10 நிமிடம் வரை ஆகலாம். 12 நிமிட உரைகளுக்கிடையே இவ்வாறு ஓடினால், நடந்து செல்லும் நேரத்தில் ஓர் உரை முழுவதும் போய்விடும். எனவே ஓர் அமர்வில் குறைந்தது மூன்று உரைகளையாவது சேர்ந்தாற்போல் கேட்குமாறு அமைப்பது சிக்கனமானது.

மார்ச் கூட்டம் போன்றவற்றில், பேச வேண்டியவர் வராவிட்டாலும் அடுத்தவரை முன்கூட்டிப் பேசவிடாமல் அந்த 12 நிமிடத்தை வெற்றிடமாக விடுவது வழக்கம். பிற அரங்குகளிலிருந்து வருவோர் குறித்த நேரத்தில் உரையைக் கேட்க இது உதவுகிறது.

பல மாநாடுகள் செயலி வழியாக அட்டவணை தயாரிக்கும் வசதியைத் தருகின்றன. ஆயினும் அரங்கில் இணைய இணைப்பு நெரிசலாக இருக்கும்போது அது பயன்படாமல் போகலாம். அன்றைய பக்கத்தைத் தாளில் எடுத்துச் செல்வது பாதுகாப்பானது.

நாள் முழுவதையும் நிரப்பாமல், நாளுக்கு ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை வெற்றாக விட வேண்டும். எதிர்பாராத சந்திப்பு, நீண்டுவிட்ட உரையாடல், நிரல் மாற்றம், களைப்பு ஆகியவற்றுக்கு இந்த நேரம் பயன்படும்.

சொந்த உரை

சொந்த உரைக்கு முன்னும் பின்னும் போதிய நேரம் ஒதுக்க வேண்டும். முந்தைய நாளே அரங்கைப் பார்த்து, திரையின் அளவையும் கணினி இணைப்பு முறையையும் அறிந்துகொள்வது நல்லது. அமர்வு தொடங்குவதற்கு 15 நிமிடம் முன்பே சென்று அமர்வுத் தலைவரிடம் அறிமுகம் செய்துகொண்டு, பெயரைச் சரியாக உச்சரிக்கவும் சொல்லித் தரலாம். உரை முடிந்ததும் உடனே வெளியேறக் கூடாது. இரண்டு நிமிட வினா நேரத்தில் கேட்க முடியாதவர்கள் பின்னர் வந்து பேசுவர்.

தமக்கு முன்னும் பின்னும் பேசுவோர் யார் என்பதையும் பார்த்து வைக்க வேண்டும். 1935 சனவரி 11 அன்று இலண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் சுப்பிரமணியன் சந்திரசேகர் வெண்குறுமீன்களின் நிறை வரம்பு பற்றிப் பேசினார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று கேம்பிரிட்சுக்குச் சென்ற அவருக்கு அப்போது வயது 24. தமக்கு அடுத்ததாக ஆர்தர் எடிங்டன் பேசவிருப்பதை முந்தைய நாள் நிரலைப் பார்த்தே அவர் அறிந்தார். அந்த உரையில் எடிங்டன் சந்திரசேகரின் முடிவை வெளிப்படையாக மறுத்தார். பிற்காலத்தில் சந்திரசேகரின் கருத்தே சரியென நிலைபெற்றது. 1983இல் அவர் நோபல் பரிசு பெற்றார். நிரலைப் பார்ப்பதால் எதிர்ப்பு நீங்கிவிடாது. ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து வினா வரும் என்பதை ஓரளவு எதிர்பார்க்கலாம்.

உரையாடலுக்கான நேரம்

மாநாட்டின் பயன் அரங்குக்குள் மட்டும் கிடைப்பதில்லை. 2011ஆம் ஆண்டு இளவேனிலில் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரில் அமெரிக்க நுண்ணுயிரியல் கழகத்தின் மாநாடு ஒன்று நடைபெற்றது. நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்களை ஆராய்ந்த எம்மானுவேல் சார்ப்பெந்தியேவும், ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளின் கட்டமைப்பை ஆராய்ந்த ஜெனிபர் டௌட்னாவும் அங்குதான் முதன்முதலில் சந்தித்தனர். பழைய நகரின் தெருக்களில் நடந்தவாறே இருவரும் பேசிக்கொண்டது கூட்டாய்வுக்கு வழிவகுத்தது. அதன் விளைவான கிரிஸ்பர்-காஸ்9 மரபணுத் திருத்தக் கருவி பற்றிய கட்டுரை 2012இல் வெளிவந்தது. 2020ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு இருவருக்கும் வழங்கப்பட்டது. இருவரும் தத்தம் துறை அமர்வுகளிலேயே நாள் முழுவதையும் கழித்திருந்தால் இந்த உரையாடலுக்கு இடம் இருந்திருக்காது.

சந்திக்க விரும்பும் ஆய்வாளருக்கு இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு முன் மின்னஞ்சல் அனுப்பலாம். தாம் யார், அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தார், எதைப் பற்றிக் கேட்க விரும்புகிறார், எந்த நாளில் 15 நிமிடம் கிடைக்குமா என்னும் நான்கு செய்திகள் போதும். "எப்போதாவது பேசலாம்" என்று எழுதுவதைவிட "செவ்வாய் காலைத் தேநீர் இடைவேளையில்" என்று எழுதினால் விடை கிடைக்கும் வாய்ப்பு கூடும். சந்திப்புக்கு இரண்டு வினாக்களை எழுதி எடுத்துச் செல்ல வேண்டும்.

ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் மாணவர்களுக்குச் சுவரொட்டி அமர்வு நல்ல தொடக்கமாக அமையும். படமும் வரைபடமும் எதிரே இருப்பதால் சுட்டிக்காட்டிக் கேட்கலாம். ஒரே நிறுவனத்திலிருந்து பலர் சென்றால் எல்லோரும் சேர்ந்தே சுற்றுவதைத் தவிர்த்து, வெவ்வேறு அமர்வுகளுக்குச் சென்று மாலையில் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ளலாம்.

நிரல் மாற்றங்கள்

அட்டவணை இறுதியானதன்று. 1986இல் பெட்நோர்ஸ், முல்லர் ஆகியோர் உயர்வெப்ப மீகடத்திகளைக் கண்டறிந்த பின், பல ஆய்வகங்களிலிருந்து புதிய முடிவுகள் விரைந்து வந்தன. 1987 மார்ச் கூட்டத்துக்கு ஆய்வுச்சுருக்கம் அனுப்பும் காலம் அதற்குள் முடிந்திருந்தது. எனவே மார்ச் 18 அன்று இரவு நியூயார்க் ஹில்டன் விடுதியில் சிறப்பு அமர்வு ஒன்று சேர்க்கப்பட்டது. 51 பேர் சில நிமிடங்கள் வீதம் பேசிய அந்த அமர்வு மறுநாள் அதிகாலை 3.15 மணி வரை நீடித்தது. அரங்கில் இடமில்லாதவர்கள் வெளியே திரைகளில் பார்த்தனர். 'இயற்பியலின் வுட்ஸ்டாக்' என அழைக்கப்படும் இந்நிகழ்வு, அச்சிட்ட நிரலை மட்டும் நம்பக் கூடாது என்பதற்குச் சான்றாகும்.

மறுபுறம், 2020 மார்ச் 2 அன்று டென்வரில் தொடங்கவிருந்த கூட்டம், கொரோனா பரவல் காரணமாகத் தொடக்கத்துக்குச் சற்று முன்னர் ரத்து செய்யப்பட்டது. பலர் அதற்குள் நகருக்கே வந்துவிட்டனர். பயணச்சீட்டு, தங்குமிடம் ஆகியவற்றைப் பதிவு செய்யும்போது ரத்து விதிகளைப் படித்து வைப்பது இத்தகைய வேளைகளில் உதவும். ஒவ்வொரு நாள் காலையிலும் மாற்றங்களின் பட்டியலைப் பார்த்த பிறகே அன்றைய அட்டவணையை உறுதி செய்ய வேண்டும்.

நேர வேறுபாடும் உடல்நலமும்

தொலைவிலிருந்து செல்வோர் உடலின் கடிகாரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு முதல் கடிகாரம் ஒரு மணி முன்னே நகர்த்தப்படும். அதன்பின் கலிபோர்னியாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே 12.30 மணி நேர வேறுபாடு உண்டு. அங்கு பிற்பகல் 2.30 மணி என்பது சென்னையில் மறுநாள் அதிகாலை 3.00 மணி. காலை 8.00 மணி என்பது சென்னையில் இரவு 8.30 மணி. ஆகையால் சென்னையிலிருந்து வந்தவருக்கு முதல் இரு நாட்களில் காலை அமர்வுகள் எளிதாகவும் பிற்பகல் அமர்வுகள் கடினமாகவும் இருக்கும். முக்கியமான உரைகளைக் காலையிலும், நின்று நடந்து பார்க்கும் சுவரொட்டிகளைப் பிற்பகலிலும் வைப்பது பொருத்தமானது. இயன்றால் ஒன்றிரண்டு நாள் முன்னதாகச் சென்று சேர்வது நல்லது.

மாநாட்டு மையங்களில் உணவுக்கு நீண்ட வரிசை இருக்கும். சைவ உணவு உண்போர் அருகிலுள்ள கடைகளை முதல் நாளே கண்டறிந்து, பையில் சிறிது தின்பண்டமும் தண்ணீரும் வைத்துக்கொள்ளலாம்.

மாதிரி அட்டவணை

மார்ச் கூட்டம் போன்ற மாநாட்டில் பகல் 12.06க்குத் தம் உரையைக் கொண்ட மாணவர் ஒருவருக்கான கற்பனை மாதிரி:

காலை 7.00: உணவு; நிரல் மாற்றங்களைப் பார்த்தல்.
8.00 – 8.36: அழைக்கப்பட்ட உரை (இரண்டாம் நிலை).
8.36 – 9.36: அதே அரங்கில் ஐந்து சாதாரண உரைகள்.
9.36 – 11.15: தேநீர், தம் உரையை ஒருமுறை பேசிப் பார்த்தல்.
11.15: அரங்கில் கணினி இணைப்பைச் சரிபார்த்தல்.
11.30 – 1.06: தம் அமர்வு; 12.06க்குத் தம் உரை.
1.06 – 2.00: முன்பே மின்னஞ்சலில் பேசிவைத்த ஆய்வாளருடன் மதிய உணவு.
2.00 – 4.00: சுவரொட்டி அமர்வு, குறித்து வைத்த எட்டுச் சுவரொட்டிகள்.
4.00 – 6.00: வெற்று நேரம்.
6.00 – 6.30: அன்றைய குறிப்புகளை எழுதுதல்.

இதில் மாணவர் நேரே அமர்ந்து கேட்கும் நேரம் ஏறத்தாழ 3 மணிதான். எஞ்சிய நேரம் உரையாடலுக்கும் ஆயத்தத்துக்கும் ஓய்வுக்கும் செல்கிறது. பணம் செலவிட்டு வந்துவிட்டு இவ்வளவு குறைவாகக் கேட்பதா என்ற எண்ணம் எழலாம். ஆனால் களைத்த நிலையில் கேட்கும் பத்தாவது உரை குறிப்பேட்டில் பெரும்பாலும் தலைப்பாக மட்டுமே எஞ்சும்.

சிறிய மாநாடுகள்

எல்லா மாநாடுகளும் இத்தகையவை அல்ல. 1931இல் தொடங்கிய கார்டன் ஆய்வு மாநாடுகளில் ஒரே நேரத்தில் ஓர் அமர்வு மட்டுமே நடைபெறும். காலையிலும் இரவிலும் உரைகள் அமைய, பிற்பகல் உரையாடலுக்கென விடப்படுகிறது. அங்கு பேசப்படுவனவற்றைப் பதிவு செய்யவோ மேற்கோள் காட்டவோ அனுமதி இல்லை. இத்தகைய மாநாடுகளில் உரைகளைத் தேர்வதற்கு வேலை இல்லை. யாரிடம் எதைக் கேட்பது என்பதே அட்டவணையாகும்.

மாநாட்டுக்குப் பின்

ஊர் திரும்பிய பின்னான ஒரு வாரத்தையும் அட்டவணையில் சேர்க்க வேண்டும். சந்தித்தவர்களுக்கு நன்றி மின்னஞ்சல், கேட்டுப் பெற்ற கட்டுரைகளைப் படித்தல், ஆய்வகத்தில் மற்றவர்களுக்கு அரை மணி நேர விளக்கம் தருதல் ஆகியவை இதில் அடங்கும். மூன்றாம் நிலையில் வைத்து விட்டுவந்த உரைகளின் கட்டுரைகளையும் ஒளிப்பதிவுகளையும் பார்ப்பதற்குரிய காலமும் இதுவே.

1860 செப்டம்பர் 3 முதல் 5 வரை செருமனியின் கார்ல்ஸ்ரூ நகரில் நடைபெற்ற வேதியியலாளர் மாநாடு அணு, மூலக்கூறு ஆகியவற்றின் வரையறை குறித்து விவாதித்து, முழு உடன்பாடு காணாமலேயே முடிந்தது. முடிவில் இத்தாலிய வேதியியலாளர் கன்னிசாரோவின் சிறு நூல் பங்கேற்பாளர்களுக்கு வழங்கப்பட்டது. அவகாதரோவின் கருதுகோளைக் கொண்டு அணு எடைகளைக் கணக்கிடும் முறையை அது விளக்கியது. லோதர் மேயர் அதை ஊர் திரும்பும் வழியில் படித்தார். தம் ஐயங்கள் நீங்கியதாகப் பின்னர் எழுதினார். அம்மாநாட்டில் பங்கேற்ற மெண்டெலீவ் 1869இல் தனிம அட்டவணையை வெளியிட்டார். மூன்று நாள் விவாதம் தீர்க்காத சிக்கலை, மேயருக்குத் திரும்பும் வழியில் படித்த சில பக்கங்களே தெளிவாக்கின.